கூட்டத்துக்குள் போகுமுன் வெளியே வரும் வழி

2024 அக்டோபர் 6 அன்று விமானப்படையின் வான் சாகசத்தைப் பார்க்கச் சென்னை மெரினாவுக்குச் சென்றவர்களுக்கு மேலே திறந்த வானமும், கிழக்கே கடலும், காலடியில் கிலோமீட்டர் கணக்கில் மணலும் இருந்தன. சுவரும் இல்லை, கூரையும் இல்லை, பூட்டிய கதவும் இல்லை. ஆனாலும் அன்று ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தவர்கள் ஏராளம். காலை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்த மக்கள், பிற்பகல் ஒரு மணிக்கு நிகழ்ச்சி முடிந்ததும் ஒரே வேளையில் திரும்பினார்கள். உயர்ந்த தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயில் அப்போது சென்னைக் கடற்கரை நிலையம் வரை ஓடவில்லை, சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுகொண்டிருந்தது. சாலையிலும் நடைமேடையிலும் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. கூட்டம் சேர்வது துளித்துளியாக. கலைவதோ மடை திறந்தாற்போல. ஆகவே ஒரு நிகழ்ச்சிக்கு எப்படிப் போவது என்று யோசிப்பதைவிட, அங்கிருந்து எப்படி வருவது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். இங்கே சொல்லப்போவது அதற்கான முறையைத்தான்.

பொது நிகழ்ச்சி என்றதும் கச்சேரியையும் மாநாட்டையும் மட்டும் நினைக்க வேண்டாம். 2005 டிசம்பர் 18 அன்று விடியற்காலையில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் 42 பேர் நெரிசலில் இறந்தது எந்தக் கொண்டாட்டத்திலும் அல்ல. வெள்ள நிவாரணம் வாங்கக் காத்திருந்த வரிசையில். இலவசப் பொருள் வழங்குமிடம், நுழைவுச்சீட்டு விற்குமிடம், கோயில் தரிசன வரிசை ஆகிய எல்லாவற்றுக்கும் பின்வரும் யோசனைகள் பொருந்தும்.

வீட்டில் இருக்கும்போதே

வரைபடத்தைத் திறந்ததும் எல்லோரும் சாலைகளைத்தான் தேடுவார்கள். அதற்கு முன்னால் அடைபட்ட பக்கங்களைத் தேடுவது நல்லது. கடல், ஆறு, கால்வாய், ரயில் பாதை, நீண்ட மதில் ஆகியவை எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டால், மீதமிருக்கும் வாய்கள் எத்தனை என்பது தானே தெரிந்துவிடும். மெரினாவில் கிழக்குப் பக்கம் இல்லவே இல்லை. காமராஜர் சாலையைக் கடந்து மேற்கே போனாலும் சிறிது தூரத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் வடக்கு தெற்காக ஓடுகிறது. அதைப் பாலம் உள்ள இடத்தில்தான் தாண்ட முடியும். எனவே மணற்பரப்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும், வாலாஜா சாலை, பாரதி சாலை, இராதாகிருஷ்ணன் சாலை போன்ற சில சாலைகளின் அகலம்தான் மெரினாவின் உண்மையான அகலம். சேப்பாக்கம் மைதானத்துக்கும் இதே கணக்குத்தான்: கிழக்கே கால்வாயும் பறக்கும் ரயில் பாதையும் மறிப்பதால், ஆட்டம் முடிந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் வாலாஜா சாலைக்கும் பெல்ஸ் சாலைக்குமே வந்து சேர்கிறார்கள். தீவுத்திடல் பெயருக்கேற்பக் கூவத்தின் இரு கிளைகளுக்கு நடுவே கிடக்கிறது. அங்கே பொருட்காட்சிக்குப் போகிறவர் எந்தப் பாலத்தின் வழியாகத் திரும்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர்ப் பக்கம் நடக்கும் இசை நிகழ்ச்சிகளில் சிக்கல் வேறு வகையானது. 2023 செப்டம்பர் 10 அன்று அங்கே கூடிய கூட்டத்தில் நுழைவுச்சீட்டு வைத்திருந்த பலரே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். ஒற்றைச் சாலையை நம்பியிருக்கும் அத்தகைய இடத்துக்குப் போகிறவர், அக்கரை என்ற ஊரிலிருந்து சோழிங்கநல்லூருக்குப் பிரியும் இணைப்புச் சாலை எங்கே இருக்கிறது என்பதையாவது மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வழிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவை வெவ்வேறு திசைகளில் போக வேண்டும். இரண்டும் நூறடி தள்ளி ஒரே முனையில் கூடுமானால் அவற்றை ஒரே வழி என்றுதான் கொள்ள வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில், துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை போன்றவற்றைக் கடக்கும் வழியை மாற்று வழியாக எண்ணக் கூடாது. ஒரு பெருமழைக்கே அவை மூடப்படுவதுண்டு. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் தகரத் தடுப்பு வைத்துச் சுருக்கப்பட்ட சாலைகள் வரைபடத்தில் பழைய அகலத்தோடுதான் தெரியும். கூடுமானால் இரண்டு நாள் முன்னதாக அந்தப் பக்கம் ஒரு முறை போய்வருவது எந்த வரைபடத்தையும்விட மேலானது.

ரயிலை நம்புகிறவர்களுக்குத் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மிக அருகிலுள்ள நிலையம்தான் மிக ஆபத்தான நிலையம். மும்பையில் எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தின் நடைமேம்பாலப் படிக்கட்டில் 2017 செப்டம்பர் 29 அன்று 23 பேர் இறந்தபோது அங்கே எந்த விழாவும் நடக்கவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும் ரயிலிலிருந்து இறங்கி வந்தவர்களும் ஒரே படிக்கட்டில் சேர்ந்துவிட்டார்கள். நம் பறக்கும் ரயில் நிலையங்கள் உயரத்தில் இருப்பவை, படிகள் நீளமானவை. சேப்பாக்கத்தில் ஆட்டம் முடிந்ததும் அங்குள்ள நிலையத்துக்கோ அரசினர் தோட்டம் மெட்ரோவுக்கோ ஓடாமல், அண்ணா சாலையோடு எல்.ஐ.சி. நிலையம் வரை, அங்கும் கூட்டமிருந்தால் ஆயிரம் விளக்கு வரை நடப்பவர் பெரும்பாலும் நிம்மதியாக வீடு திரும்புவார். இன்னொன்று: கலங்கரை விளக்கம் என்ற பெயருள்ள பறக்கும் ரயில் நிலையம் கலங்கரை விளக்கத்தின் அடியில் இல்லை, கால்வாயோரமாக ஊருக்குள் தள்ளி இருக்கிறது. பெயரை நம்பிச் சாந்தோம் பக்கம் நடந்து ஏமாந்த வெளியூர் உறவினர்களை நான் அறிவேன்.

இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் கூட்டம் சேருமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டராவது விலகி, தாங்கள் தேர்ந்துகொண்ட வழியின் ஓரத்தில், முகப்பு வெளிப்பக்கம் பார்க்கும்படி வண்டியை நிறுத்த வேண்டும். ஆபத்து என்று வந்துவிட்டால் வண்டியை மறந்துவிட வேண்டும். அதை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

குடும்பத்தோடு பேசிக்கொள்ள வேண்டியது

பெருங்கூட்டத்தில் கைபேசியை நம்ப முடியாது. ஒரே கோபுரத்தைப் பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்த முயலும்போது அழைப்புகள் போகாமல் நின்றுவிடும். ஆகவே பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்பதைப் புறப்படும் முன்பே வாய்விட்டுப் பேசி முடிவு செய்ய வேண்டும். உழைப்பாளர் சிலை, கண்ணகி சிலை என்று எல்லோரும் சொல்லும் அடையாளங்களைச் சொல்லக் கூடாது. எல்லோரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். கூட்டம் கெட்டியாவதும் அங்கேதான். கூட்டத்துக்கு வெளியே, முடிந்தால் கால்வாய்க்கு அந்தப் பக்கம், வீட்டிலுள்ள அனைவருக்கும் ஏற்கெனவே பழக்கமான ஓர் உணவகம், மருந்துக்கடை, அல்லது பேருந்து நிறுத்தம் பொருத்தமானது. முதலிடத்தில் எவ்வளவு நேரம் காத்திருப்பது, அதற்குள் யாரும் வராவிட்டால் இரண்டாமிடம் எது என்பதையும் சேர்த்தே பேசிவிட வேண்டும். அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

குழந்தையின் சட்டைப்பையில் தாய் தந்தையரின் கைபேசி எண் எழுதிய தாள் ஒன்று இருக்கட்டும். மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவுக்கு எங்களை அழைத்துச் செல்லும் என் அத்தை, தாள் வியர்வையில் நனைந்துவிடும் என்று சொல்லிப் பந்துமுனைப் பேனாவால் உள்ளங்கை மேலேயும் எழுதிவிடுவார். அப்போது எங்களுக்கு வெட்கமாக இருந்தது, இப்போது என் பிள்ளைகளுக்கு நான் அதையே செய்கிறேன். முதியவர்களிடம் அன்றாட மாத்திரையில் ஒரு வேளைக்கானது கையில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி வேண்டும். குடும்பத்துக்கு ஒன்று என்பது போதாது, ஏனென்றால் பிரிந்துபோகும்போது அது ஒருவரிடமே இருக்கும். கழன்று விழும் செருப்பைத் தவிர்த்துக் காலோடு பிடிக்கும் காலணி அணிய வேண்டும். நெரிசலில் செருப்பை எடுக்கக் குனிபவர் மீண்டும் எழுவது அரிது. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போடக் கூடாது. நீண்ட வாருள்ள தோள்பைக்கும் இதுவே பொருந்தும்.

போய்ச் சேர்ந்த முதல் பத்து நிமிடம்

இடத்தைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லோரும் இழந்துவிடும் பத்து நிமிடம் இது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2003 பிப்ரவரி 20 அன்று ஓர் இரவு விடுதியில் தீப்பிடித்து 100 பேர் இறந்தார்கள். வேறு வழிகள் இருந்தும் பலர் தாங்கள் நுழைந்த முன்வாசலுக்கே ஓடியதால் அங்கே ஒருவர்மேல் ஒருவராக விழுந்து அடைத்துக்கொண்டார்கள். பழகிய வாசலை நோக்கித்தான் கால் தானாகப் போகும். அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரே உபாயம், உட்காருவதற்கு முன் இன்னொரு வாசலைப் போய்க் கண்ணால் பார்த்து, கூடுமானால் கையால் தள்ளியும் பார்த்துவிடுவதுதான். டெல்லியின் உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் புகையில் மூச்சுத் திணறி இறந்ததற்கு வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தது ஒரு முக்கியக் காரணம். வாசலின் மேல் பச்சை விளக்கு எரிவதால் மட்டும் அது திறக்கும் என்று பொருளில்லை. பூட்டு தொங்குகிறதா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அதற்கு அப்பால் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மார்கழியில் சபாக்களில் கூட்டம் மிகுந்தால் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுவிடும் பழக்கம் உண்டு. அப்படிப் போட்ட நாற்காலியில் இடம் கிடைத்தாலும் உட்காராமல் இருப்பது, பிறருக்கும் நமக்கும் நல்லது.

திருமண மண்டபங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு ஒரு குறிப்பு. பாத்திரங்களும் காய்கறி மூட்டைகளும் வந்துபோகச் சமையற்கட்டுக்கென்று தனி வாசல் அநேகமாக எல்லா மண்டபங்களிலும் இருக்கும். விருந்தினர்கள் அதை அறிவதில்லை. நெரிசலின்போது அது அருமையான வழி. ஆனால் எரிவாயு உருளைகள் இருப்பதும் அங்கேதான் என்பதால், தீ என்று கூச்சல் எழுந்தால், அது எங்கே என்று தெரியாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

திறந்தவெளிக் கூட்டங்களில் பார்க்க வேண்டியவை வேறு. சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் கட்டிய தடுப்புகளுக்கு நடுவே இடைவெளி எங்கே விட்டிருக்கிறார்கள், காவலர்களோ தொண்டர்களோ நினைத்தால் உடனே அவிழ்க்கக்கூடியது எது, பந்தலின் பக்கவாட்டுத் துணித்திரைக்குப் பின்னால் வெளி இருக்கிறதா மதில் இருக்கிறதா, ஜெனரேட்டரும் மின்கம்பிகளும் எந்தப் பக்கம் போகின்றன, மருத்துவ உதவிக் கூடமும் ஆம்புலன்ஸும் எங்கே நிற்கின்றன என்பவற்றை ஒரு சுற்று நடந்தால் அறிந்துவிடலாம். ஆம்புலன்ஸ் நிற்கும் பக்கத்தை மறக்க வேண்டாம். அது வெளியே போவதற்கென்று வழி ஒதுக்கியிருப்பார்கள்.

ஊர்வலங்களுக்கும் தேரோட்டத்துக்கும் இந்தச் சுற்று நடை போதாது, ஏனெனில் அங்கே கூட்டத்தின் நடுப்பகுதியே நகர்ந்துகொண்டிருக்கிறது. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் உலா மாட வீதிகளைச் சுற்றி வரும்போது, ஐந்து நிமிடம் முன்பு திறந்திருந்த சந்து சாமி வந்து நின்றதும் அடைபட்டுவிடும். வீதி திரும்பும் முனைகளே மிக மோசமானவை. சப்பரம் திரும்பக் கூட்டம் பின்வாங்க, பின்னால் நிற்பவர்களுக்கு அது தெரியாது. போதாக்குறைக்கு நீர்மோர்ப் பந்தல்களும் அன்னதான மேசைகளும் பக்கத்துத் தெருக்களின் வாயில் பாதியை எடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே முனையில் நிற்காமல் வீதியின் நடுப்பகுதியில், திறந்த வாசலுள்ள ஒரு வீட்டையோ கடையையோ ஒட்டி நிற்க வேண்டும். சாமி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்கேற்ப, வடக்கே லஸ் முனைக்கா தெற்கே மந்தைவெளிக்கா என்பதை அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிற்குமிடமும் கிளம்பும் நேரமும்

மேடைக்கு எதிரே முதல் வரிசை என்பது மூன்று பக்கமும் மனிதர்களும் நான்காம் பக்கம் தடுப்பும் உள்ள இடம். பின்பாதியில், ஓரமாக, நீங்கள் தேர்ந்த வழி இருக்கும் பக்கத்தில் நின்றால் காட்சி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று ஓர் அரசியல் கூட்டத்தில் 41 பேர் இறந்த செய்தியைப் படித்தவர்கள், அங்கே மக்கள் பல மணி நேரம் காத்திருந்தார்கள் என்பதையும் படித்திருப்பார்கள். நெடுநேரம் நின்று, தண்ணீர் குறைந்து, பசித்து, குழந்தையைத் தூக்கிக் கை சோர்ந்த ஒருவரால் நெரிசல் வரும்போது அதை எதிர்த்து நிற்க முடியாது. சொன்ன நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் தாமதமானால் வீட்டுக்குத் திரும்புவது என்று முன்பே வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. வரும் தலைவரின் அல்லது நடிகரின் வாகனம் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து வரும் பாதையின் ஓரத்திலும் நிற்கக் கூடாது. வாகனம் நகர இடம் விடும்போது இரு புறமும் நிற்பவர்கள் நசுங்குவார்கள். திறக்காத வாசலுக்கு முன்னால் முதல் ஆளாக நிற்பதும் அதே வகை ஆபத்துத்தான்.

கிளம்ப வேண்டிய நேரத்தை உடம்பே சொல்லும். கேரம் பலகையைவிடச் சற்றே பெரிய ஒரு சதுர மீட்டர் இடத்தில் நான்கு பேர் நின்றால் இன்னும் நகரலாம்; ஐந்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும்; ஆறு, ஏழு என்று ஆகிவிட்டால் தனிமனிதர்கள் இல்லை, கூட்டம் தண்ணீரைப் போல் அலையடிக்கத் தொடங்கும். எண்ணிப் பார்க்க முடியாத இடத்தில் இப்படிச் சோதிக்கலாம்: இரு தோள்களிலும் ஒரே நேரத்தில் பிறர் உரசினால் கிளம்புவதைப் பற்றி யோசியுங்கள். கையைத் தூக்கி முகத்தைத் தொட முயலும்போது யாரையாவது இடித்தால் உடனே கிளம்புங்கள். நீங்கள் அடி எடுத்து வைக்காமலே உடம்பு நகர்ந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். சியோலின் இட்டேவான் பகுதியில் 2022 அக்டோபர் 29 அன்று ஒரு குறுகிய சரிவான சந்தில் 159 பேர் இறந்தார்கள்; ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்திருப்பவருக்கு அந்தச் சந்தைக் கற்பனை செய்வது கடினமில்லை.

அவசரம் எதுவும் இல்லாவிட்டாலும், முடிவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும், அல்லது முடிந்த பிறகு முக்கால் மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்து கிளம்ப வேண்டும்.

சிக்கிக்கொண்டால்

நெரிசலில் இறப்பவர்களில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே மார்பு நசுங்கி, மூச்சு விரிய இடமின்றி இறக்கிறார்கள். எனவே காப்பாற்ற வேண்டியது மார்புக்கு முன்னால் ஒரு சாண் இடத்தை. இரு முழங்கைகளையும் மடக்கிக் குத்துச்சண்டைக்காரர் போல மார்புக்கு முன்னே வைத்துக்கொள்ள வேண்டும். கைகள் பக்கவாட்டில் தொங்கினால் பிறகு தூக்க முடியாது. ஒரு காலைச் சற்று முன்வைத்து நிற்க வேண்டும். கூச்சலிட்டு மூச்சை வீணாக்கக் கூடாது. தள்ளு வரும்போது எதிர்த்துத் தள்ளாமல் அதோடு போய், அலை ஓய்ந்த நொடியில் குறுக்காக ஓரத்தை நோக்கி இரண்டடி வைக்க வேண்டும். அடுத்த ஓய்வில் மேலும் இரண்டடி. ஆனால் ஓரம் என்பது மதிலோ இரும்புத் தடுப்போ ஆனால் அங்கே போகக் கூடாது. குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லாமல் தூக்கிக்கொள்ள வேண்டும். விழுந்துவிட்டால் மல்லாந்தோ குப்புறவோ கிடக்காமல் ஒருக்களித்து, முழங்காலை மார்போடு மடக்கி, கைகளால் தலையை மூடிக்கொண்டு, முதல் வாய்ப்பில் எழ முயல வேண்டும். பக்கத்தில் ஒருவர் விழுந்தால் இருவர் மூவராகக் கை கோத்து அவரைச் சுற்றி நின்று தூக்குவது எல்லோரையும் காப்பாற்றும், ஏனெனில் விழுந்த ஒருவர்தான் அடுத்த பத்துப் பேர் தடுக்கி விழும் படிக்கல். அரங்கில் புகை என்றால் துணியால் மூக்கை மூடிக் குனிந்து, சுவரைத் தடவிக்கொண்டே முன்பு பார்த்து வைத்த வாசலுக்குப் போக வேண்டும், மின்தூக்கி வேண்டாம்.

வெளியே வந்த பிறகு வாசலிலேயே நின்று உறவினரைத் தேடக் கூடாது. பின்னால் வருபவர்களுக்கு நீங்கள்தான் அப்போது தடுப்பு. குறைந்தது இருநூறு அடி தள்ளிப் போன பின், 112 அல்லது 108 எண்ணுக்கு முயல வேண்டும். தீ என்றால் 101. சேப்பாக்கம், மெரினா பக்கத்தில் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையும் இராயப்பேட்டை அரசு மருத்துவமனையும் நடந்தோ ஆட்டோவிலோ எட்டக்கூடியவை. கூட்டத்தைப் பிளந்து ஆம்புலன்ஸ் உள்ளே வரக் காத்திருப்பதைவிட, மூச்சு இருப்பவரைத் தாங்கிக்கொண்டு அது நிற்குமிடத்துக்கு நகர்வது பல சமயம் விரைவானது. மூச்சு நின்றவருக்கோ அந்த இடத்திலேயே மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டும். அழைப்பு போகாவிட்டாலும் குறுஞ்செய்தி பல வேளைகளில் போய்விடும். ஆகவே நிகழ்ச்சிக்கு வராமல் வீட்டில் இருக்கும் ஒருவரை, தாம்பரத்திலோ திருச்சியிலோ உள்ள சித்தியாக இருந்தாலும் சரி, பொதுத் தொடர்பாக முன்பே ஏற்பாடு செய்துகொண்டு, எல்லோரும் அவருக்கே செய்தி அனுப்ப வேண்டும்: எங்கே இருக்கிறோம், யார் உடன் இருக்கிறார்கள், எந்தத் திசையில் நடக்கிறோம் என்று ஒரே வரி. அதன்பின் பேசிவைத்த இடத்துக்குப் போய் அரை மணி நேரம் காத்திருந்து, வராதவர் யார் என்று பொதுத் தொடர்பாக இருப்பவரிடம் கேட்டுவிட்டு, இரண்டாமிடத்துக்குப் புறப்படலாம்.